மருமகளுக்காக உயிர் ஈந்த மாமியார்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

முன்னுரை

நம் கோயில்களில் உள்ள சுரூபங்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஆயர்கள் உண்டு, துறவியர் உண்டு, கன்னியர் உண்டு, அரசரும் அரசியும் உண்டு. ஆனால் முக்காடிட்ட தலையும் காய்த்துப்போன கைகளும் கொண்ட ஒரு பாட்டியைப் பீடத்தில் காண்பது அரிது. இயேசுவின் பாட்டியாகிய புனித அன்னம்மாள் ஒருவரைத்தான் நாம் நன்கு அறிவோம். போலந்து நாட்டில் உழவர் வீட்டில் வாழ்ந்து, அந்த வீட்டிலிருந்தே சாவை எதிர்கொள்ளச் சென்ற ஒரு பாட்டியை நம் திருச்சபை 1999-ஆம் ஆண்டு முத்திப்பேறு பெற்றோர் வரிசையில் சேர்த்தது. அவர் பெயர் மரியான்னா பியெர்நாட்ஸ்கா. அவருடைய வாழ்வை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

போலந்தின் வடகிழக்கே பியெப்ஜா என்னும் ஆற்றின் அருகில் லிப்ஸ்க் என்ற ஊர் இருக்கிறது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மெழுகால் கோலமிட்டு வண்ணம் தீட்டும் முட்டைகளுக்கு இவ்வூர் பெயர் பெற்றது. மரியான்னா 1888-இல் இங்குப் பிறந்தார். அப்போது போலந்து என்ற நாடே உலகப் படத்தில் இல்லை. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டிருந்தன. லிப்ஸ்க் ரஷ்யப் பேரரசரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அந்த ஆட்சியில், கீழை வழிபாட்டு முறையைப் பின்பற்றிய கத்தோலிக்கர்கள் 1875-இல் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சபையில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். தங்கள் பழைய திருச்சபைக்குத் திரும்ப அவர்களுக்கு உரிமையில்லை.

மரியான்னாவும் ஆர்த்தடாக்ஸ் குடும்பத்தில் பிறந்தவரே. 1905-இல் பேரரசர் இரண்டாம் நிக்கோலாஸ் சமய உரிமை வழங்கும் ஆணையைப் பிறப்பித்தார். அவ்வாண்டிலேயே மரியான்னா கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 17. ஏறத்தாழ எங்கள் வயது. நாங்கள் பிறந்த சில நாள்களில் ஞானஸ்நானம் பெற்று, கேட்காமலே விசுவாசத்தைப் பெற்றவர்கள். கதவு திறக்கும்வரை காத்திருந்து உள்ளே வந்தவர்கள் அவர்கள்.

உழவர் வீட்டுப் பெண்

1908-இல் லுட்விக் பியெர்நாட்ஸ்கி என்ற உழவரை மரியான்னா மணந்தார். அப்பகுதி நிலம் வளமானது அன்று. கம்புபோல் எளியோரின் உணவாகிய ரை என்னும் தானியமும் உருளைக்கிழங்குமே அங்கு முக்கிய விளைச்சல். குளிர்காலம் நீண்டது, பனி மூடிய மாதங்களில் வயலில் வேலை இல்லாவிட்டாலும் வீட்டில் கால்நடைகளுக்குத் தீனி வைக்க வேண்டும், நூல் நூற்க வேண்டும். இவையெல்லாம் உழவர் வீட்டுப் பெண்களின் பொறுப்பு.

மரியான்னா ஆறு குழந்தைகளைப் பெற்றார். அவர்களுள் ஸ்தனிஸ்லாவ் என்ற மகனும் லெயோகாதியா என்ற மகளும் மட்டுமே பிழைத்தனர். நான்கு சிறு கல்லறைகளைக் கண்ட தாய் அவர். 1929-இல் கணவரும் இறந்தார். அதன்பின் மகனோடு வாழ்ந்தார். மகன் அன்னா என்ற பெண்ணை மணந்தார். வீட்டில் செபமாலையும் பாட்டும் ஒலித்தன. பேத்தி பிறந்தாள், மரியான்னா பாட்டியானார்.

போர் வந்தது

1939 செப்டம்பர் 1-ஆம் நாள் ஜெர்மனி போலந்தின்மீது படையெடுத்தது. செப்டம்பர் 17-இல் சோவியத் படை கிழக்கிலிருந்து நுழைந்தது. லிப்ஸ்க் முதலில் சோவியத் கைக்குப் போயிற்று. 1941 ஜூனில் ஜெர்மனி சோவியத் நாட்டைத் தாக்கியபின் ஜெர்மானியர் கைக்கு மாறியது. அந்தப் போரில் போலந்து ஏறக்குறைய 60 இலட்சம் மக்களை இழந்தது. அவர்களுள் பாதிப்பேர் யூதர்கள்.

ஜெர்மானியர் ஒருவர் கொல்லப்பட்டால், அதற்கு ஈடாகக் குற்றமற்ற ஊர் மக்கள் பலரைப் பிடித்துக் கொல்வது அந்த ஆட்சியின் வழக்கம். 1943 ஜூலை முதல் நாள், அத்தகைய பழிவாங்கலுக்காக லிப்ஸ்க் மக்களைப் படைவீரர்கள் பிடித்தார்கள். மரியான்னாவின் வீட்டுக்கும் வந்தார்கள். அவர்கள் அழைத்தது ஸ்தனிஸ்லாவையும் அன்னாவையும். அன்னாவோ அப்போது நிறைமாத கர்ப்பிணி.

மரியான்னா முன்வந்து, மருமகளை விட்டுவிடும்படியும் அவளுக்குப் பதிலாகத் தாம் வருவதாகவும் வேண்டினார். வீரர்கள் இசைந்தார்கள். அவர்களுக்கு யார் என்பது பெரிதன்று, தலைக்கணக்கு நிறைந்தால் போதும் போலும்!

தாயும் மகனும் க்ரோட்னோ நகரச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். சிறையில் அவர் கேட்டனுப்பிய பொருள்கள் இரண்டே: ஒரு தலையணை, ஒரு செபமாலை. 1943 ஜூலை 13-ஆம் நாள் க்ரோட்னோவுக்கு அருகில் நௌமோவிச்சே என்ற இடத்தில் இருவரும் ஊர் மக்கள் பலரோடு சுட்டுக் கொல்லப்பட்டனர். இவ்விடம் இன்று பெலாரஸ் நாட்டில் உள்ளது. மரியான்னாவுக்கு அப்போது வயது ஏறத்தாழ 55. மகனை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் மருமகள் பிழைத்தார்; வயிற்றிலிருந்த குழந்தையும் உலகைக் கண்டது. அன்னா நெடுங்காலம் வாழ்ந்து, தம் மாமியார் செய்ததைப் பிறருக்கு எடுத்துரைத்தார்.

இவர் மறைசாட்சியா?

இங்கே ஒரு கேள்வி எழலாம். விசுவாசத்தை மறுதலிக்கும்படி யாரும் மரியான்னாவை வற்புறுத்தவில்லையே, பின் எப்படி மறைசாட்சி என்கிறோம்? இதே கேள்வி புனித மாக்ஸிமிலியன் கோல்பே அடிகளார் விஷயத்திலும் எழுந்தது. அவர் 1941-இல் அவுஷ்விட்ஸ் முகாமில், மனைவி மக்கள் உள்ள ஒரு கைதிக்குப் பதிலாகத் தம்மைக் கொடுத்தார். 1971-இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் தரப்பட்டபோது மறைசாட்சி என்று சொல்லப்படவில்லை. 1982-இல் புனிதர் பட்டம் அளித்த திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர்தான் அவரை மறைசாட்சி என அறிவித்தார். அதே திருத்தந்தை 1999 ஜூன் 13-ஆம் நாள் வார்சா நகரில், இரண்டாம் உலகப்போரின் 108 மறைசாட்சிகளுக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். அவர்களுள் ஆயர்கள் மூவர். குருக்களும் துறவியரும் பெரும்பான்மையோர். பொதுநிலையினர் 9 பேர். அந்த ஒன்பது பேரில் ஒருவர் நம் உழவர் வீட்டுப் பாட்டி. அவர்களுடைய திருநாள் ஜூன் 12.

பிறருக்காகத் தம் உயிரை மனமுவந்து கையளிப்பதையே முத்திப்பேறு பட்டத்துக்கு ஒரு தனி வழியாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2017 ஜூலையில் ஏற்படுத்தினார் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

நாம் கற்கும் பாடம்

“மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்” என்பது நம் நாட்டுப் பழமொழி. மாமியாரும் மருமகளும் ஒருவருக்கொருவர் பகை என்றே கதைகளும் திரைப்படங்களும் காட்டுகின்றன. பெற்ற மகளுக்காக ஒரு தாய் உயிர் கொடுத்தாள் என்றால் நாம் வியக்கமாட்டோம். மரியான்னா உயிர் கொடுத்தது வேறு வீட்டில் பிறந்து வந்த பெண்ணுக்காக. அதனால்தான் போலந்து மக்கள் இவரை மாமியார்களின் பாதுகாவலி என்று போற்றுகிறார்கள். விவிலியத்தில் மருமகள் ரூத்து மாமியார் நகோமியைக் கைவிடாமல் உடன் சென்றாள். இங்கே மாமியாரே மருமகளுக்காக முன்னே நடந்தார்.

அந்த முடிவை எடுக்க அவருக்குக் கிடைத்த நேரம் மிகக் குறைவு. படைவீரர் வாசலில் நிற்கும்போது ஆராய்ச்சி செய்ய இயலாது. அந்த நொடியில் மனத்தில் என்ன ஊறியிருக்கிறதோ அதுதான் வெளியே வரும். தன் பங்கு உணவைப் பிள்ளைகளுக்கு வைத்தல், நோயாளியின் அருகில் கண்விழித்தல், எல்லாரும் படுத்தபின் படுத்தல் என்பவை உழவர் வீட்டுப் பெண்களின் அன்றாட வாழ்க்கை. ஒவ்வொரு நாளும் தனக்கு முன் பிறரை வைத்துப் பழகிய உள்ளம், கடைசி நாளிலும் அவ்வாறே செய்தது என்பது என் எண்ணம்.

முடிவுரை

அன்புத் தோழியரே! நம் வீடுகளிலும் பாட்டிமார் இருக்கிறார்கள். அதிகாலையில் எழுந்து திருப்பலிக்குச் செல்பவர்கள், ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனி வைப்பவர்கள், நாம் தேர்வு எழுதும் நேரத்தில் செபமாலை சொல்பவர்கள் அவர்கள். அவர்களுடைய இளமையைப் பற்றி நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள், எந்தப் பஞ்சத்தை, எந்த வெள்ளத்தைத் தாண்டினார்கள் என்று யார் எழுதி வைத்திருக்கிறோம்? அன்னா எடுத்துரைத்ததால் மரியான்னாவை உலகம் அறிந்தது. இந்த விடுமுறையில் நாமும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு நம் பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதுவோமாக. முத்திப்பேறு பெற்ற மரியான்னா நம் குடும்பங்களுக்காக வேண்டிக்கொள்வாராக!