கூட்டுப் பட்டாவும் பெண்மக்கள் பங்கும்

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. சுரங்கத்திற்கென நிலம் எடுக்கும் அறிவிப்பு வந்த பின்னரே சுற்றுப்புறக் கிராமங்களில் பலர் பட்டாவைத் தேடுகின்றனர். அதுவோ காலஞ்சென்ற பாட்டனார் பெயரிலேயே இருக்கிறது. பங்கு பற்றிப் பூசல் எழுந்தால், இழப்பீட்டுத் தொகை வழக்குத் தீரும்வரை முடங்கிக் கிடக்கும்.

ஒருவர் தாம் சம்பாதித்த மூன்று ஏக்கருக்கு உயில் எழுதாமல் இறந்தார் எனக் கொள்வோம். அவருடைய தாயார் முன்னரே காலமாகிவிட்டார். மனைவியும் ஒரு மகனும் இரு பெண்மக்களும் உளர். 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி நால்வருக்கும் சமபங்கு. ஆளுக்கு 75 சென்ட். “மகளுக்குத்தான் சீர் செய்தாயிற்றே” என்பார் உண்டு. சீர் வேறு, பங்கு வேறு. பூர்வீகச் சொத்திலும் மகனைப் போன்றே மகளுக்கும் பிறப்பால் உரிமை உண்டென்பதை 2005-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும், 2020-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் உறுதி செய்துள்ளன.

பாகம் பிரியும்வரை வடக்கு மூலை தம்பிக்கு, கிணற்றடி அண்ணனுக்கு என்பதெல்லாம் வாய்ப்பேச்சே. ஒவ்வொரு குழியிலும் நால்வருக்கும் பாத்தியதை உண்டு. எனவே அறிவிப்புக்குக் காத்திராமல், இறப்புச் சான்றும் வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றும் பெற்று அனைவர் பெயரிலும் கூட்டுப் பட்டா கோருதல் வேண்டும். வாரிசு விசாரணையின்போது கிராம நிர்வாக அலுவலர் ஊராரைக் கேட்பார். அப்பொழுது ஊராட்சி உறுப்பினர்கள், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களின் பெயர்களையும் சேர்த்தே சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம்.