அம்மம்மாவின் டிவிடி: தரம் குறையாமல் வேகமாக என்கோட் செய்வது எப்படி?



இந்த வார எபிசோட்டில் வீடியோ கொடெக் பற்றிக் கதைச்சோம். இது அதுக்கான செய்முறைப் பாடம். "இந்தக் காலத்தில் யார் டிவிடி போடுறது?" என்று கேட்பீங்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு வியாழன் இரவு சித்தி ஒரு விஎச்எஸ் கசெட்டோடு ஸ்காபரோவில் என் கதவைத் தட்டும் வரைக்கும்.

கசெட்டில் இருந்தது 1992இல் கொழும்பில் நடந்த பெரியம்மாவின் கலியாணம். அதில் ஓரிடத்தில் அம்மப்பா மைக்கைப் பிடித்து ஒரு நிமிசம் வாழ்த்திப் பேசுவார். அவருடைய குரல் எங்களிட்ட இருக்கிறது அந்த ஒரு நிமிசம்தான். அம்மம்மா இப்ப முதியோர் இல்லத்தில் இருக்கிறா. மறதி கூடிக்கொண்டு வருது. போனும் டப்லெட்டும் அவவுக்குச் சரிவராது. அறையில் இருக்கிற பழைய பிளேயரில் டிவிடி போட்டுவிட்டால் மட்டும் இருந்து பார்ப்பா.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமை அவவின்ர பிறந்தநாள். அதுக்குள்ள தந்திடுவியோ?"

"ஓம் சித்தி" என்றுவிட்டேன். கணக்குப் பார்க்காமல்.

நான் விட்ட பிழை

கசெட்டை கெப்சர் செய்ய அது ஓடுற நேரம் கட்டாயம் வேணும். 170 நிமிசக் கசெட்டுக்கு 170 நிமிசம். அதைக் குறைக்க வழியே இல்லை. வேகப்படுத்தலாம் என்றால் அதுக்குப் பிறகு வருகிற வேலையைத்தான்.

வெள்ளி காலை எல்லா செட்டிங்கையும் உச்சத்தில் வைத்தேன்: மிக மெதுவான ஃபில்ட்டர், டூ-பாஸ் என்கோட். 170 நிமிசம், செக்கனுக்கு 25 ஃபிரேம் என்றால் மொத்தம் 2,55,000 ஃபிரேம். என் கொம்பியூட்டர் செக்கனுக்கு 9 ஃபிரேம்தான் முடித்தது. ஒரு பாஸுக்கே கிட்டத்தட்ட 8 மணித்தியாலம், இரண்டு பாஸுக்கு 16. நடுவில் ஒரு பிழை கண்டுபிடித்தால் திரும்பவும் 16.

அதை நிறுத்திவிட்டு ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்கினேன். வேகம் என்கிறது பெரிய மெஷின் வாங்குறது இல்லை, தேவையில்லாத வேலையை விடுறது. ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

1. எது மெதுவென்று முதலில் அளக்கணும்

டிவிடிக்கான எம்பெக்-2 பழைய கொடெக். இன்றைய சிபியூவுக்கு அது விளையாட்டு. ஃபில்ட்டர் எதுவும் இல்லாமல் ஒரு நிமிசத் துண்டை எஃப்எஃப்எம்பெக்கில் ஓட்டினேன். செக்கனுக்கு நூற்றுக்கணக்கில் ஃபிரேம் ஓடியது. அப்ப நேரத்தைத் தின்றது என்கோடர் இல்லை, அதுக்கு முன்னால் நிற்கிற ஃபில்ட்டர். இது தெரியாமல் என்கோடரின் தரத்தைக் குறைத்திருந்தால், படமும் கெட்டிருக்கும், நேரமும் மிச்சமாகியிருக்காது.

2. அந்த ஃபில்ட்டர் உண்மையில் வேணுமா?

எங்கட வீட்டுக் கசெட்டுகளில் ஒரு சிக்கல் இருக்கு. இலங்கையும் இந்தியாவும் பால் முறை: 576 வரி, செக்கனுக்கு 25 ஃபிரேம். கனடா என்டிஎஸ்சி: 480 வரி, 29.97 ஃபிரேம். லண்டன், ஜெர்மனி, சுவிஸ், நோர்வே சொந்தக்காரர் அனுப்பினதும் பால்தான். 83க்குப் பிறகு உலகம் முழுக்கச் சிதறின குடும்பங்களின் அலுமாரிகளில் இரண்டும் கலந்து கிடக்கும். கெப்சர் செய்யவும் பால் ஓடக்கூடிய விசிஆர் வேணும்.

பால் படத்தைப் பால் டிவிடியாகவே போட்டால் இந்த மாற்றமே தேவையில்லை. அதனால் ஐந்து நிமிசத் துண்டொன்றைப் பால் டிஸ்க்காக எழுதி, முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தேன். ஓடவில்லை. பரவாயில்லை. ஓடியிருந்தால் பெரிய வேலை முழுக்க மிச்சம். நீங்களும் முதலில் பிளேயரைச் சோதியுங்கள்.

மாற்றத்தான் வேணும் என்றால் ஒரு கவனம். விஎச்எஸ் இன்ரர்லேஸ்டு படம். ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு வெவ்வேறு நேரத்துப் பாதிகள் இருக்கு. அவற்றில் ஒன்றை எறிந்தால் வேலை கெதியாக முடியும், ஆனால் அசைவு துள்ளித் துள்ளிப் போகும். சரியான வழி: 25 ஃபிரேமை 50 முழுப் படமாக விரித்து, 480 வரிக்குச் சுருக்கி, 59.94க்கு மாற்றி, திரும்ப இன்ரர்லேஸ் செய்வது. இந்த இடத்தில் நேரத்தைச் செலவழியுங்கள். தரம் தங்கியிருக்கிறது இங்கதான்.

3. ஒரு வேலையை ஒருமுறைதான் செய்யணும்

டூ-பாஸில் நான் விட்ட பெரிய பிழை, அந்தக் கனமான ஃபில்ட்டரை இரண்டு தரம் ஓட்டினது. ஃபில்ட்டர் செய்த படத்தை எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத கொடெக்கில் ஒருக்கால் சேமியுங்கள். பிறகு எத்தனை தரம் வேணுமென்றாலும் அதிலிருந்து என்கோட் செய்யலாம். ஃபைல் பெரிசாக வரும், வேலை முடிந்ததும் அழித்துவிடலாம். நடுவில் எச்.264இல் சுருக்கி வைத்து, அதிலிருந்து டிவிடி செய்யாதீர்கள். ஏற்கனவே இழந்ததைத் திரும்பவும் இழப்பீர்கள்.

4. கோர்களைப் பங்கு போடுங்கள்

என் மெஷினில் 6 கோர். ஃபில்ட்டரோ பெரும்பாலும் ஒன்றைத்தான் பாவித்தது. படத்தை நான்கு துண்டாகப் பிரித்து நான்கையும் ஒரே நேரத்தில் ஓட்டினேன். எல்லாம் சேர்ந்து செக்கனுக்கு 30 ஃபிரேம். 8 மணித்தியாலம் இரண்டரைக்குள் வந்தது. ஒரு வரியும் தரம் குறையவில்லை. வாசிக்கிறது ஒரு டிஸ்க், எழுதுறது இன்னொரு டிஸ்க் என்று வையுங்கள். ஒரே யுஎஸ்பி டிரைவில் இரண்டும் செய்தால் கோர்கள் சும்மா காத்திருக்கும்.

"கிராஃபிக்ஸ் கார்டு இருக்கே?" என்பீர்கள். என்விடியாவின் என்கோடர் எம்பெக்-2 எழுதாது.

5. டூ-பாஸ் தேவையா? வகுத்துப் பாருங்கள்

ஒரு சாதாரண டிஸ்க்கில் 4.7 ஜிபி, அதாவது 37,600 மெகாபிட். அதைப் படத்தின் செக்கனால் வகுத்தால் பிட்ரேட் வரும். 170 நிமிசத்தை ஒரே டிஸ்க்கில் அடைத்தால் 3.7 மெகாபிட். அது காணாது. இரண்டு டிஸ்க்காகப் பிரித்தால் 85 நிமிசத்துக்கு 7.4 கிடைக்கும். ஒலிக்கும் மற்றதுக்கும் கழித்து வீடியோவுக்கு 6.8 வைத்தேன். டிவிடி வீடியோவின் உச்சவரம்பே 9.8தான். இவ்வளவு தாராளமாக இருக்கும்போது டூ-பாஸ் தருகிற லாபம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பாஸ் காணும். டூ-பாஸ் உதவுறது இடம் இறுக்கமாக இருக்கும்போது.

ஒரே டிஸ்க்தான் வேணும் என்றால் இன்னொரு வழியும் இருக்கு: 352க்கு 480 அளவு. இதுவும் டிவிடி விதிக்குள் வருகிற அளவுதான். விஎச்எஸ் கிடையாகப் பிடிக்கிற விபரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான் என்பதால், பிக்சலைப் பாதியாக்கினாலும் பெரிசாக ஒன்றும் போகாது.

6. முழுசா ஓட்ட முன்னம் ஒரு நிமிசம் ஓட்டுங்கள்

கலியாணத்தில் ஆட்கள் எழும்பி நடக்கிற ஒரு நிமிசத்தை எடுத்து டிஸ்க்கில் எழுதி, ரீவியில் பாருங்கள். ஃபீல்டு வரிசை பிழைத்திருந்தால் நடக்கிற ஆட்கள் முன்னும் பின்னும் நடுங்குவார்கள். கொம்பியூட்டர் திரையில் பல நேரம் இது தெரியாது. எனக்குப் பிழைத்துத்தான் இருந்தது. இந்த ஒரு நிமிசம் எனக்கு மூன்று மணித்தியாலத்தைக் காப்பாற்றியது.

முடிவு

சனி இரவு இரண்டு டிஸ்க்கும் தயார். 16 மணித்தியால வேலை மூன்றுக்குள் முடிந்தது. நான் விட்டது தேவையில்லாத வேலையை மட்டும்தான்.

ஞாயிறு, அம்மம்மா நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தா. பெரியம்மாவை அடையாளம் தெரியவில்லை. சித்தியையும் தெரியவில்லை. அம்மப்பா மைக்கைப் பிடித்ததும், "இந்தாள் எப்பவும் இப்பிடித்தான், மைக் கிடைச்சா விடாது" என்றா. பிறகு திரும்பவும் போடச் சொன்னா. நாலு தரம் போட்டோம்.

இந்த வார வீட்டுவேலை: உங்கட வீட்டு அலுமாரியில், பேஸ்மென்டில் என்ன கசெட் இருக்கென்று பாருங்கள். விஎச்எஸ் என்றால், மேலே தவறிப் பதிவாகாமல் இருக்க விளிம்பில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் தட்டை முறித்துவிடுங்கள். யார், எந்த ஊர், எந்த வருசம் என்று அம்மா அப்பாவிடம் கேட்டு ஒட்டி வையுங்கள். கெப்சர் செய்த மூல ஃபைலை, டிவிடி எழுதின பிறகும், அழிக்காதீர்கள்.

அடுத்த எபிசோட்டில் சந்திப்போம்.