பனி ஹாக்கிப் படங்கள்: எடுப்பதும் அழிப்பதும்

நம் நாட்டில் ஹாக்கி என்றதும் ஈப்போவும் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணமும்தான் நினைவுக்கு வரும். அது திடலில் ஆடும் ஹாக்கி. நான் எழுதப் போவது சறுக்குக் காலணி அணிந்து பனித்தளத்தில் ஆடும் ஹாக்கியைப் பற்றி. கனடா நாட்டவர் உயிராய் நேசிக்கும் ஆட்டம் அது. வெயில் நாட்டுக்காரர்களுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள், நண்பர்களே. 2017-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியிலேயே பனி ஹாக்கி இடம்பெற்றது. என் அறைத்தோழன் ஒருவன் பேரங்காடிப் பனித்தளம் ஒன்றில் கோல் காவலனாக ஆடி வந்தான். பட்டம் பெற்று ஊர் திரும்புமுன் ஆடும் கடைசி ஆட்டத்தைப் படமெடுத்துத் தரச் சொன்னான். அதற்காகத்தான் இந்தப் பாடத்தைக் கற்கத் தொடங்கினேன்.

முதல் சிக்கல் வேகம். 'பக்' எனப்படும் ரப்பர் வட்டு 3 அங்குல விட்டமும் 1 அங்குலத் தடிப்பும் கொண்டது. தேர்ந்த ஆட்டக்காரர் ஓங்கி அடித்தால் அது மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தையும் தாண்டும். வினாடிக்கு ஏறத்தாழ 44 மீட்டர். ஷட்டர் 1/500 வினாடி திறந்திருந்தால் அதற்குள் வட்டு 9 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதன் விட்டமோ 7.6 சென்டிமீட்டர்தான். படத்தில் வட்டுக்குப் பதில் ஒரு கரிக்கோடுதான் கிடைக்கும். 1/1000 வினாடி வைத்தால் நகர்வு பாதியாகக் குறையும். அதற்கும் கீழே இறங்க வேண்டாம். ஆனால், அந்த வேகத்துக்குப் பேரங்காடி விளக்கொளி போதாது. எஃப் 2.8 வரை திறக்கும் லென்ஸ் வேண்டும், ஐஎஸ்ஓவை 3200 அளவுக்கு உயர்த்தவும் வேண்டும். படத்தில் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் அரங்குகளில் கூரையிலேயே பிளாஷ் விளக்குகளைப் பொருத்தி, கீழே இருந்தபடி வானொலி அலையால் இயக்குவார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்தது பனியின் வெண்மை. படக்கருவியின் ஒளிமானி, எதிரே இருப்பது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு அளக்கும். பனி நிறைந்த காட்சியில் ஒளி மிகுந்துவிட்டதாக நினைத்துக் குறைத்துவிடும். பனி அழுக்குத் துணிபோல் தெரியும், தலைக்கவசத்துக்குள் முகம் இருண்டு போகும். ஒளியளவை ஒரு படி கூட்டுங்கள். விளக்கொளி மாறாத இடம் என்பதால் எல்லாவற்றையும் கையாலேயே அமைத்துவிடுவது இன்னும் நல்லது.

தளத்தைச் சுற்றி நிற்கும் கண்ணாடித் தடுப்பு தனிச் சோதனை. வட்டு பட்ட கறுப்புத் தழும்புகள் இல்லாத இடமாகத் தேடிப் பிடித்து, லென்சின் முகப்பை ஒட்டினாற்போல் நேராக வையுங்கள். சாய்த்தால் படத்தின் தெளிவு கெடும். ஆனால் ஒரேயடியாக அழுத்தி ஒட்டிவிடாதீர்கள். ஓர் ஆட்டக்காரர் வந்து அந்தத் தடுப்பில் மோதிய வேகத்தில் என் படக்கருவியே என் புருவத்தைப் பதம் பார்த்தது.

இனி, எடுத்ததில் எதை வைத்துக்கொள்வது? படத்தில் வட்டு இருக்க வேண்டும், முகம் தெரிய வேண்டும், இரு தரப்பும் மோதும் நொடியாக இருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நல்ல விதிதான். முதுகும் மட்டையும் மட்டுமே தெரியும் நூறு படங்களை அது கழித்துக்கட்டிவிடும். ஆனால் பனி ஹாக்கியின் மிகப் புகழ்பெற்ற படங்கள் இந்த விதிக்குள் அடங்குவதில்லை.

1970 மே 10, போஸ்டன் கார்டன் அரங்கம். ஸ்டான்லி கிண்ண இறுதிச் சுற்றின் நான்காம் ஆட்டம், கூடுதல் நேரத்தின் 40-ஆவது வினாடி. போஸ்டன் புரூயின்ஸ் குழுவின் பாபி ஓர், செயின்ட் லூயிஸ் புளூஸ் குழுவுக்கு எதிராகக் கோல் அடிக்கிறார். 29 ஆண்டுகளுக்குப் பிறகு போஸ்டனுக்குக் கிண்ணம். எதிரணியின் நோயல் பிக்கார்ட் மட்டையால் தட்டிவிட, ஓர் கைகளை நீட்டியபடி காற்றில் பறக்கிறார். தலைக்கவசம் அணியாததால் முகத்தின் பூரிப்பு அப்படியே தெரிகிறது. அதைப் படமெடுத்தவர் ரே லூசியர். வேறொரு படக்காரர் பீர் வாங்க எழுந்துபோன இருக்கையில் போய் அவர் உட்கார்ந்தார் என்று கதை சொல்வார்கள். என் கண்ணுக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஓர் பறக்கும்போது கோல் விழுந்து முடிந்துவிட்டது. வட்டைத் துரத்தி முடித்த பிறகும் லூசியரின் விரல் ஓயவில்லை.

1980 பிப்ரவரி 22 அன்று லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில் அமெரிக்கா சோவியத் யூனியனை 4-3 என வென்றது. ஹைன்ஸ் குளூட்மையர் எடுத்த படத்தை 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் தலைப்பு வரி எதுவும் இல்லாமல் அட்டையில் போட்டது. அதிலும் ஆட்டம் இல்லை, ஆட்டம் முடிந்த பின் கட்டிப்பிடித்துக் கூத்தாடும் இளைஞர்கள்தான்.

இதையெல்லாம் நான் படித்தது பிறகுதான். அன்று இரண்டாம் பகுதி முடிந்த இடைவேளையில் என் நினைவட்டை நிறைந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து, படக்கருவியின் சின்னத் திரையைப் பார்த்தே விறுவிறுவென்று அழித்தேன். வட்டு இல்லையா, அழி. கொஞ்சம் மங்கலா, அழி. கடைசியில் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து அவன் கணினியில் போட்டுக் கொடுத்தேன். எல்லாம் கத்திமுனைத் தெளிவு. பனித்துகள்கூட எண்ணலாம்.

அவன் இரண்டு முறை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான்.

"ரெண்டாவது கோல் உள்ள போச்சுல்ல, அப்ப அந்த டிஃபெண்டர் வந்து என் தலையில கைய வெச்சிக்கிட்டு நின்னான். அவன் தப்புலதான் கோலே போச்சு. அது இல்லியாடா?"

இருந்தது. மூன்று படங்கள். குனிந்த தலைக்கவசம், அதன் மேல் ஒரு கையுறை, பின்னால் வலை. வட்டு இல்லை, சற்று மங்கல்.

"இல்லடா, எடுக்கல" என்று சொல்லிவிட்டேன்.

அவன் ஊருக்குப் போய்விட்டான். நான் இப்போது எந்த ஆட்டத்துக்குப் போனாலும் நினைவட்டை இரண்டு கொண்டுபோகிறேன். அறைக்குத் திரும்பிப் பெரிய திரையில் பார்க்கும்வரை ஒன்றையும் அழிப்பதில்லை.