கொட்டகைக்குப் போகும் 30 மீட்டர் ஒயர்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது, காலையில் ஒழுங்காக ஓடும் டில்டிங் கிரைண்டர் மாலையில் சுவிட்ச் போட்டால் உறுமிக்கொண்டு அப்படியே நிற்கிறது, டிரம்மைக் கையால் ஒரு தள்ளு தள்ளினால்தான் சுற்றுகிறது, மெக்கானிக் இரண்டு தடவை கண்டன்சர் மாற்றியும் தீரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே ஒரு சந்தேகம்: கொட்டகையில் வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நாலு ஓட்டை சும்மா கிடக்கிறதே, ஒன்றில் இன்டக்ஷன் அடுப்பைச் சொருகிக்கொள்ளலாமா?

கொட்டகைக்குத் தனியாக பிளக் பாயின்ட் கிடையாது, சமையலறையிலிருந்து ஜன்னல் வழியாக 30 மீட்டர் ஒயர் இழுத்திருக்கிறோம் என்பதைப் போகிற போக்கில் கடைசியில் எழுதியிருந்தீர்கள். நான் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான். மீந்துபோன ஒயரில் ஒரு சாண் வெட்டி உறைக்குள் வைத்து அனுப்பியது அதைவிட நல்ல காரியம். முப்பது வருடம் ஒயரிங் கான்டிராக்ட் எடுத்தவன் நான். யாரும் இப்படி மாதிரி அனுப்பிக் கேட்டதில்லை.

பார்வைக்குத் தடியான ஒயர்தான். சுண்டுவிரல் பருமனுக்கு வெள்ளை உறை. பிளேடால் கீறி உரித்தேன். உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று கோர். சிவப்பை உரித்து, இழைகளைச் செய்தித்தாள் மேல் பரப்பி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். 24 இழை, ஒவ்வொன்றும் தலைமுடி மாதிரி, 0.2 மி.மீ. கணக்குப் போட்டால் முக்கால் சதுர மில்லிமீட்டர். கடைக்காரர் மொழியில் 'பாயின்ட் செவன் ஃபைவ் ஸ்கொயர்'. நீங்கள் பார்த்த தடிமன் முழுக்க பி.வி.சி. கரண்ட் போவது செம்பு வழியாக. பழைய கடைகளில் இன்னமும் 23/76, 40/76 என்று கேட்பார்கள், 0.0076 அங்குல இழை இத்தனை என்று அர்த்தம். அந்தக் காலத்து ஆட்கள் இழையை எண்ணித்தான் வாங்கினார்கள். இப்போது உறையின் மேல் 3 × 0.75 என்று அச்சடித்தே இருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை.

உங்கள் மோட்டார் 1 எச்.பி. என்கிறீர்கள். ஓடும்போது ஏறக்குறைய 6 ஆம்பியர் இழுக்கும். சரியான எண் மோட்டார் தகட்டிலேயே இருக்கும். 0.75 ஒயர் 7 ஆம்பியர் வரை தாங்கும். அப்படியானால் போதுமே என்றுதான் தோன்றும். கடையில் ஒயர் கொடுத்தவரும் அப்படி நினைத்திருக்கலாம். ஆனால் அவர் இரண்டு விஷயங்களைக் கேட்கவில்லை: எவ்வளவு தூரம், அந்த முனையில் இருப்பது மோட்டாரா என்று.

0.75 செம்பு ஒயருக்கு கிலோமீட்டருக்கு 26 ஓம் மின்தடை. உங்களுக்கு 30 மீட்டர் என்றால் போக 30, வர 30, மொத்தம் 60 மீட்டர். அதன் தடை ஒன்றரை ஓமுக்குக் கொஞ்சம் மேல். 6 ஆம்பியர் ஓடும்போது 9 வோல்ட் வழியிலேயே போய்விடும். அது பெரிய சேதமில்லை. ஆனால் மோட்டார் கிளம்புகிற அந்த நொடியில் ஐந்தாறு மடங்கு இழுக்கும். 30 ஆம்பியர் என்று வையுங்கள்: 47 வோல்ட் காலி. சமையலறையில் 230 இருந்தாலும் கிரைண்டருக்குப் போய்ச் சேருவது 183. இதில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. வோல்டேஜ் குறைகிற விகிதத்தில் மோட்டாரின் இழுவை குறைவதில்லை, அதன் வர்க்கத்தில் குறையும். 183 வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கு பலம்கூட மிஞ்சாது. மாலையில் ஊரே லைட்டும் மோட்டாரும் போடும் நேரம் உங்கள் வீட்டிலேயே 200தான் வருகிறது என்றால் கொட்டகையில் 160க்கு அருகே. பலம் பாதி. டிரம்முக்குள் உளுந்தையும் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டினால் அது உறுமாமல் என்ன செய்யும்?

காலையில் ஓடி மாலையில் நிற்பதன் ரகசியம் இவ்வளவுதான். புதுக் கண்டன்சர் போட்டதும் இரண்டு நாள் ஓடியது என்கிறீர்கள். அந்த இரண்டு நாளும் லைனில் வோல்டேஜ் நன்றாக இருந்திருக்கும். மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை, அவர் கிரைண்டரைப் பார்க்க வந்தவர். ஜன்னலுக்கு வெளியே தொங்குவதை அவர் ஏன் பார்க்கப்போகிறார்?

நிற்கிற மோட்டாரைத் தள்ளிவிடுகிறீர்களே, அதை இன்றோடு நிறுத்துங்கள். கை போய்விடும் என்பது ஒரு பக்கம். உறுமிக்கொண்டு நிற்கும்போது கிளம்புகிற கரண்ட் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் அந்த 30 மீட்டர் ஒயருக்குள் மட்டும் ஆயிரம் வாட்டுக்கு மேல் சூடு பிறக்கிறது. நீங்கள் ஜன்னலிலிருந்து கொட்டகை வரைக்கும் ஒரு வாட்டர் ஹீட்டரை நீட்டிக் கட்டி வைத்திருக்கிறீர்கள்.

இனி இன்டக்ஷன் அடுப்பு. 2000 வாட் என்றால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். கிரைண்டரோடு சேர்ந்தால் 14.7. ஏழு தாங்கும் ஒயரில் அது இரண்டு மடங்கு கரண்ட், நாலு மடங்குக்கு மேல் சூடு. 'அப்படி ஏதாவது ஆனால் எம்.சி.பி. விழுந்துவிடாதா?' என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். விழாது. இந்த ஒரு விஷயத்தை அவருக்கு உட்காரவைத்துச் சொல்லுங்கள். சமையலறை பாயின்ட்டுக்கு இருப்பது 16 ஆம்பியர் எம்.சி.பி. அது 18 ஆம்பியரை ஒரு மணி நேரம் விட்டாலும் சும்மா இருக்கும். கோளாறு இல்லை, அதற்கு விதியே அப்படி. அது காவல் காப்பது சுவருக்குள் ஓடும் 2.5 ஒயரை. ஜன்னலுக்கு வெளியே நீங்கள் ஒரு மெல்லிய ஒயரைக் கோத்திருப்பது அதற்குத் தெரியவே தெரியாது. ஒயர் உருகி ஒன்றோடொன்று ஒட்டி ஷார்ட் ஆன பிறகு விழும். அதற்குள் மேலே இருக்கும் கீற்று பற்றியிருக்கும்.

பாக்ஸில் ஐந்து ஓட்டை இருப்பது ஐந்து சாமான் சொருகுவதற்கு, ஐந்து மடங்கு கரண்ட் எடுப்பதற்கு அல்ல. பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், மொத்தத்துக்கும் ஒரே ஆம்பியர்தான் போட்டிருக்கும்.

நானும் சூடுபட்டவன்தான். என் சொந்த வீட்டுக்கு மொசைக் தரை பாலிஷ் போடும்போது, மெஷினுக்கு 1 ஸ்கொயர் ஒயரை டிரம்மில் சுற்றியபடியே விட்டு, தேவையான ஐந்தாறு மீட்டரை மட்டும் இழுத்துக் கொடுத்தேன். மீதி சுற்றிலேயே இருந்தது. மதியம் மீன் கவிச்சி மாதிரி ஒரு வாடை. பக்கத்து வீட்டுக் குழம்பு என்று நினைத்தேன்! சாயங்காலம் ஒயரை இழுத்தால் வரவில்லை. உள்சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, வெல்லப்பாகு இறுகின மாதிரி ஒரே கட்டி. விரித்துப் போட்ட ஒயருக்குக் காற்றுப்படும். சுருட்டி வைத்ததற்கு உள்ளே பிறந்த சூடு வெளியே வர வழியில்லை. ஊருக்கெல்லாம் ஒயரிங் செய்தவன் வீட்டில் இது நடந்தது. அந்தக் கவிச்சி வாடையை மட்டும் மறக்காதீர்கள். பிளக்கும் பாக்ஸும் வேகும்போது பெரும்பாலும் அப்படித்தான் நாறும்.

சரி, என்ன வாங்குவது? 2.5 ஸ்கொயர், மூன்று கோர், செம்பு, ஐ.எஸ். 694 முத்திரை உள்ளது. உங்கள் 30 மீட்டருக்கு இதன் தடை அரை ஓமுக்குள் அடங்கிவிடும். கிளம்பும்போது இழப்பு 47க்குப் பதில் 14 வோல்ட். ஒரு முனையில் 16 ஆம்பியர் பிளக், மறுமுனையில் ஐந்து ஓட்டை பாக்ஸ் வேண்டாம், ஒரே ஒரு 16 ஆம்பியர் சாக்கெட். வாங்கும்போது முனையில் ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு. கையில் தூக்கினாலே எடை காட்டிக் கொடுக்கும். பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள், அலுமினியத்துக்குத் தடை ஒன்றரை மடங்குக்கு மேல்.

பச்சைக் கோர் எர்த்துக்கு. அது இரண்டு முனையிலும் மாட்டியிருக்கிறதா, சமையலறை பாயின்ட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் நிற்பது ஈரத்தரை, தொடுவது ஸ்டீல் டிரம். இதில் மட்டும் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம்.

வீட்டில் மற்றதற்கெல்லாம் இவ்வளவு கணக்கு தேவையில்லை. டேபிள் ஃபேன், டி.வி., போன் சார்ஜருக்கு 0.75 தாராளம். இஸ்திரிப்பெட்டி, மிக்ஸிக்கு ஒன்றோ ஒன்றரையோ, அதுவும் ஐந்து மீட்டருக்குள். கீஸர், ஏ.சி.க்கு எக்ஸ்டென்ஷனே கூடாது. எந்த ஒயரானாலும் அரை மணி ஓடவிட்டு, சுவிட்சை அணைத்து, கையால் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. பிடிக்க முடியாத சூடு என்றால் அந்த ஒயர் அந்த வேலைக்கு ஆகாது. பிளக்கின் பின்னையும் தொடுங்கள், பாதி வீடுகளில் முதலில் கருகுவது அதுதான்.

மனதில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். எக்ஸ்டென்ஷனும் அந்த ஜாதி. உங்களுடையது எட்டு மாதமாக வெயிலிலும் மழையிலும் தொங்குகிறது. வியாபாரம் நிலைத்துவிட்டது என்றால், கொட்டகைக்கு பைப் போட்டு, 4 ஸ்கொயர் ஒயர் இழுத்து, தனி எம்.சி.பி.யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் வைத்துவிடுங்கள். நாளைக்கு இரண்டாவது கிரைண்டர் வாங்கினாலும் தாங்கும். வீட்டு மீட்டரில் வியாபாரம் ஓட்டலாமா என்பதையும் அப்படியே மின்வாரிய அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

புது ஒயர் மாட்டும் வரை காலையில் மட்டும் அரையுங்கள். வெறும் டிரம்மில் தண்ணீர் ஊற்றி, சுற்ற ஆரம்பித்த பிறகு உளுந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மாற்றியபின் ஒரு மாலை, ஏழு மணி வாக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அப்போதும் உறுமினால் கோளாறு மோட்டாரில். இன்டக்ஷன் அடுப்பு சமையலறையிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் பழைய ஒயரிங் கான்டிராக்டர்