பியானோ பழகும் குழந்தைக்குக் குறைந்த விலையில் கீபோர்டு வாங்குவது எப்படி?

கீபோர்டு என்றதும் நம் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது மானிட்டருக்கு முன்னால் கிடக்கும் கீபோர்டுதான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது அல்ல. பாட்டு வாசிக்கும் கீபோர்டு பற்றியது. ஆனாலும் இந்த இதழில் எழுதக் காரணம் உண்டு. இன்றைய மியூசிக் கீபோர்டு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதை வாங்குகிறவர்கள் கடையில் பார்ப்பதோ எத்தனை பாட்டு, எத்தனை தாளம், எத்தனை விளக்கு எரிகிறது என்பதைத்தான். நானும் அப்படிப் பார்த்து ஏமாந்தவன்தான்.

மரக்காணத்தில் இருக்கும் என் அக்கா மகளுக்கு வயது 8. ஊர் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் அண்ணனைப் பார்த்துத் தனக்கும் அது வேண்டும் என்று பிடித்துக்கொண்டாள். அக்கா வீட்டுக்காரர் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார். நான் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவன் அல்லவா? "நீ பார்த்து ஒண்ணு வாங்கி அனுப்புடா" என்றார் அக்கா. இண்டர்நெட்டில் தேடி, 37 கட்டை, 100 டோன், 50 தாளம், மைக் இலவசம் என்று போட்டிருந்த ஒன்றை ரூ.2,800 கொடுத்து வாங்கி அனுப்பினேன். குழந்தைக்கு ஏக சந்தோஷம். ஆறு மாதம் விடாமல் வாசித்தாள். பிறகு சனிக்கிழமை தோறும் பாண்டிச்சேரிக்குப் பஸ்ஸில் கூட்டிப் போய் ஒரு பியானோ டீச்சரிடம் சேர்த்தார்கள்.

முதல் வகுப்பிலேயே டீச்சர் கேட்டாராம்: "வீட்ல எதுல வாசிக்கிறா?" விரல் எல்லாம் பக்கத்துக் கட்டையில் விழுகிறது. மெதுவாக வாசி என்றால் புரியவில்லை. எல்லாம் ஒரே சத்தம். ஆறு மாதம் பழகியதை மறக்க வைக்கவே இன்னும் சில மாதங்கள் ஆகும் என்று சொல்லியிருக்கிறார். தப்பு குழந்தையுடையது அல்ல, என்னுடையது. இந்த முறை அக்கா போட்ட பட்ஜெட் ரூ.6,000. அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. மழைக்காலம் வந்துவிட்டால் உப்பளத்தில் வருமானம் இருக்காது என்பது அந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

ஸ்கேல் கொண்டு போங்கள்

முதலில் பார்க்க வேண்டியது கட்டையின் அகலம். பியானோவில் ஏழு வெள்ளைக் கட்டைகள், அதாவது ஒரு ஸ்தாயி, சுமார் 16.5 செ.மீ. அகலம் இருக்கும். உலகம் முழுக்க ஏறத்தாழ இதே அளவுதான். நான் அனுப்பியதை அளந்து பார்த்தேன், 13.5 செ.மீ.! குழந்தையின் கை சிறியதுதானே, சின்னக் கட்டை போதும் என்று தோன்றும். ஆனால் விரல்கள் தூரத்தை மனப்பாடம் செய்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு டைப் அடிப்பவரிடம் எழுத்துகளை நெருக்கி வைத்த கீபோர்டைக் கொடுத்தால் என்ன ஆகும்? அதேதான்.

எத்தனை கட்டை வேண்டும்? முழு பியானோவில் 88. ஆரம்பப் பாடங்களுக்கு 61 போதும். ஐந்து ஸ்தாயி கிடைக்கும். 49 என்றால் இரண்டு கையும் சேர்ந்து வாசிக்கும்போது சீக்கிரமே இடம் போதாது. சுத்தியல் மாதிரி கனம் கொடுக்கும் 88 கட்டை டிஜிட்டல் பியானோதான் சரியானது என்று டீச்சர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதன் விலை நம் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு. குழந்தை இரண்டு வருடம் தாக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு அதை யோசிக்கலாம்.

'டச் ரெஸ்பான்ஸ்' என்றால் என்ன?

சுமார் 1700-ல் இத்தாலியில் பார்த்தோலோமியோ கிறிஸ்டோஃபோரி என்பவர் பியானோவை உருவாக்கினார். அதன் முழுப் பெயர் பியானோஃபோர்ட்டே. இத்தாலிய மொழியில் பியானோ என்றால் மெதுவாக, ஃபோர்ட்டே என்றால் சத்தமாக. மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும் ஓங்கித் தட்டினால் சத்தமாகவும் ஒலிக்கும் என்பதுதான் அந்தப் பெயரே! இந்த வசதி இல்லாத கீபோர்டில் பியானோ பழகுவது, பெடல் இல்லாத சைக்கிளில் சைக்கிள் பழகுவது போலத்தான்.

இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போமா? ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ரப்பர் குமிழ், அதில் கார்பன் பொட்டு. கட்டையை அழுத்தினால் பொட்டு கீழே இருக்கும் சர்க்யூட் போர்டைத் தொட்டு இணைப்புக் கொடுக்கும். டச் ரெஸ்பான்ஸ் உள்ள கீபோர்டில் ஒரு கட்டைக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு பொட்டுகள் இருக்கும். ஒன்று சற்று முன்னால் தொடும், இன்னொன்று பின்னால் தொடும். இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லி செகண்டு ஆனது என்று உள்ளே இருக்கும் பிராசசர் அளக்கிறது. நேரம் குறைவு என்றால் வேகமாக அழுத்தியிருக்கிறீர்கள். எனவே சத்தம் அதிகம். நேரம் கூடினால் சத்தம் குறைவு. அவ்வளவுதான். பலத்தை அது அளப்பதே இல்லை!

ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில்கூட இது மாறும். உதாரணமாக கேசியோவில் சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். முதலாவதில் டச் ரெஸ்பான்ஸ் கிடையாது, இரண்டாவதில் உண்டு. யமஹாவில் பிஎஸ்ஆர்-இ273 மாடலில் இல்லை, இ373-ல் உண்டு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்பார். நம்பாதீர்கள். பியானோ டோனை வைத்து ஒரு கட்டையை மெதுவாகவும் பிறகு வேகமாகவும் அழுத்திப் பாருங்கள். மெனுவில் டச் 'ஆஃப்' ஆகியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதையும் கவனியுங்கள்.

கடைக்கு லேப்டாப்புடன் போனேன்

டச் ரெஸ்பான்ஸ் உள்ள 61 கட்டைக் கீபோர்டு புதிதாக வாங்கினால் ரூ.6,000-க்குள் முடியவில்லை. எனவே பழையது தேடினேன். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. ஏ.ஆர்.ரகுமானின் தந்தை ஆர்.கே.சேகர் 1976-ல் காலமான பிறகு, அவர் வைத்திருந்த இசைக் கருவிகளை வாடகைக்கு விட்டு வந்த பணத்தில்தான் அந்தக் குடும்பம் ஓடியது. ஒருவர் கை பட்ட கீபோர்டில் இன்னொருவர் வாசிப்பது சென்னையில் பழைய வழக்கம்.

பாண்டிச்சேரியில் ஒருவர் கல்லூரிக் காலத்தில் வாங்கிய கீபோர்டை ரூ.6,000-க்குத் தருவதாகச் சொன்னார். இங்கேதான் நம் கம்ப்யூட்டர் அறிவு கைகொடுத்தது. கீபோர்டின் பின்னால் யு.எஸ்.பி. போர்ட் இருந்தது. பிரிண்டருக்குப் போடும் கேபிளே அதற்கும் பொருந்தும்.

அந்த போர்ட் வழியாக வெளியே வருவது சத்தம் அல்ல, மிடி. 1983-ல் வந்த ஸ்டாண்டர்டு இது. ரோலண்ட் கம்பெனியின் இகுதாரோ காகேஹாஷியும் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் கம்பெனியின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று உருவாக்கியது. அதற்காக இருவருக்கும் 2013-ல் டெக்னிக்கல் கிராமி விருது கிடைத்தது. 2020-ல் மிடி 2.0 வந்துவிட்டது. ஆனாலும் வீட்டுக் கீபோர்டுகள் இன்றும் பழைய 1983 மொழியில்தான் பேசுகின்றன. கட்டையை அழுத்தினால் மூன்றே பைட்டுகள்: 'அழுத்தியாயிற்று' என்ற செய்தி, கட்டையின் எண், வேகத்தின் எண். நடு 'சி' கட்டையின் எண் 60. வேகம் 1-லிருந்து 127 வரை.

மிடி ஆக்ஸ் என்று ஒரு விண்டோஸ் சாப்ட்வேர் இருக்கிறது. வீட்டு உபயோகத்திற்கு இலவசம். அதைத் திறந்து இன்புட்டில் கீபோர்டைத் தேர்வு செய்தால், நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு கட்டைக்கும் எண்கள் வரிசையாக ஓடும். வேகத்தின் எண் எப்படி அழுத்தினாலும் மாறாமல் நின்றால் டச் ரெஸ்பான்ஸ் இல்லை என்று அர்த்தம். காதை நம்ப வேண்டாம், எண்ணைப் பாருங்கள்.

36-லிருந்து 96 வரை 61 கட்டைகளையும் ஒரே மாதிரி மிதமாக அழுத்திக்கொண்டே போனேன். 55, 60, 58, 62 என்று வந்தது. 64-ஆம் கட்டையில் திடீரென 127! மறுபடி அழுத்தினேன், 127. 66, 67 இரண்டிலும் அதே கதை. மேலே ஒரு கட்டை பேசவே இல்லை. விற்பவருக்கே இது தெரியாது. பீரோ மேல் நான்கு வருடம் கிடந்ததாம்.

இரண்டு பொட்டுகள் என்று சொன்னேன் அல்லவா? முதல் பொட்டில் அழுக்கு ஏறினால் அது தாமதமாகத்தான் இணைப்புக் கொடுக்கும். இரண்டுக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். பிராசசர், 'அடேயப்பா, என்ன வேகம்!' என்று நினைத்து 127 கொடுத்துவிடும். இரண்டாவது பொட்டில் அழுக்கு என்றால் சத்தம் குறையும் அல்லது வரவே வராது. அதாவது இது சுத்தம் செய்தால் சரியாகக்கூடிய கோளாறு. சரியாகாமலும் போகலாம், போர்டில் செம்புக் கோடு அரித்திருந்தால் பணம் போச்சு. அதை அவரிடம் மறைக்காமல் காட்டினேன். ரூ.4,000-க்குப் பேசி முடித்தோம். பாக்கி ரூ.2,000 ரிப்பேருக்கு என்று ஒதுக்கி வைத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு மரக்காணம் வரும் வரை எனக்கு உள்ளுக்குள் உதறல்தான். முதல் தடவை ஏமாந்தது போதாதா?

உப்புக் காற்று செய்யும் வேலை

வீட்டில் திறந்து பார்த்தோம். அடாப்டரையும் பாட்டரிகளையும் கழற்றிய பிறகுதான் ஸ்குரூ டிரைவரைத் தொட வேண்டும். ஸ்குரூக்கள் நிறைய இருக்கும், நீளமும் வேறு வேறாக இருக்கும். செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டே கழற்றுங்கள். வாரண்டி உள்ள கீபோர்டில் இந்த வேலையே வேண்டாம்.

கார்பன் பொட்டுகளைக் கையால் தொடக் கூடாது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் காது குடையும் பட்ஸை லேசாக நனைத்து, போர்டிலும் ரப்பரிலும் மெல்லத் துடைக்க வேண்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கார்பனே போய்விடும். துருப்பிடித்த கதவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் கூடாது, அது எண்ணெய்ப் பசையை விட்டுச் செல்லும். ஒரு மணி நேரம் காய விட்டு மூடினோம். ஊமையாக இருந்த கட்டை பேசியது. 64-உம் 67-உம் 60-ஐ ஒட்டி வந்தன. 66 மட்டும் பத்துக்கு ஒரு முறை குதிக்கிறது.

அந்தப் பொட்டுகளின் மேல் படிந்திருந்ததைப் பார்த்து அக்கா வீட்டுக்காரர் சிரித்தார். "இதைத்தானே மூட்டை கட்டி விக்கிறோம்?" என்றார். கடற்கரைக் காற்றில் உப்பு உண்டு. அதில் ஒரு நுணுக்கம்: சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே காய்ந்துகிடக்கும். மரக்காணத்தில் இரவெல்லாம் ஈரம், பகலில் வெயில். ஆக, உள்ளே படிந்த உப்புத் துகள் தினமும் நனைந்து தினமும் காய்கிறது. நனையும்போது மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். கம்பியும் மரமும் கம்பளமும் கொண்ட அசல் பியானோ இந்த ஊரில் படும் பாட்டை நினைக்கவே வேண்டாம்.

எனவே கடலோர வாசகர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் மூடுங்கள். ஜன்னலோரம் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரத்தோடு கட்டி வைப்பது துணியால் மூடாமல் விடுவதைவிட மோசம். மாதக் கணக்கில் வாசிக்காவிட்டால் பாட்டரியை எடுத்துவிடுங்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது இந்தக் கடற்கரை பட்ட பாடு தெரிந்ததே. அதனால் அக்கா வீட்டில் கீபோர்டுக்குத் தரையில் இடம் கிடையாது, பரண் மேல்தான்.

பழைய கீபோர்டுடன் அடாப்டர் வராவிட்டால் கையில் கிடைத்ததைச் சொருகிவிடாதீர்கள். யமஹாவின் பல மாடல்களுக்கு 12 வோல்ட், கேசியோவின் புதிய சிறிய மாடல்களுக்கு 9.5 வோல்ட். பிளக் நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்ற குறியையும் கீபோர்டின் பின்புறம் பார்த்து வாங்குங்கள். ஒதுக்கி வைத்த பணத்தில் எங்களுக்கு அடாப்டரும் ஹெட்போனும் ஒரு சஸ்டெயின் பெடலும் வந்தன. ஹெட்போன் ஆடம்பரம் அல்ல. விடியும் முன்பே உப்பளத்துக்குப் போகிறவர் வீட்டில் ராத்திரி எட்டு மணிக்கு மேல் யாரும் சத்தம் போட முடியாது.

கம்ப்யூட்டருடன் இணைத்தால்

வீட்டில் பழைய லேப்டாப் இருந்தால் மியூஸ்ஸ்கோர் என்ற இலவச சாப்ட்வேரைப் போடுங்கள். மிடி கீபோர்டில் அழுத்தும் ஸ்வரங்கள் ஸ்டாஃப் நொட்டேஷனாகத் திரையில் விழும். குழந்தைகளுக்கு நொட்டேஷன் படிக்க நல்ல பழக்கம். லேப்டாப்பிலிருந்து பியானோ சத்தம் வரவழைக்க நினைத்தால் தாமதம் வரும். செகண்டுக்கு 44,100 சாம்பிள் கணக்கில், 1,024 சாம்பிள் பஃபர் வைத்தால் 23 மில்லி செகண்டு. 256 வைத்தால் 6-க்குக் கீழே. ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரில் இதை மாற்றலாம். தாமதம் தெரிந்தால் குழந்தையின் தாளம் கெட்டுவிடும். அப்போது கீபோர்டின் சொந்தச் சத்தமே போதும், விட்டுவிடுங்கள்.

சென்ற மாதம் டீச்சர், கை இடம் மாறி விழுவது குறைந்திருக்கிறது என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். 66-ஆம் கட்டை, அதாவது நாலரைக் கட்டை, இன்னும் அவ்வப்போது அலறுகிறது. அக்கா மகள் அதற்கு 'கோபக் கட்டை' என்று பெயர் வைத்திருக்கிறாள். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.