‘ஆங்க்ரி ஆன்’ வேண்டாம், தங்கச்சி!

அட்ஜெக்டிவ் சரியாகத்தான் வருகிறது. அடுத்து வரும் ப்ரிபொசிஷன்தான் காலை வாரிவிடுகிறது, இல்லையா? நம் ‘மேல்’, ‘இல்’, ‘விட’ எல்லாவற்றையும் அப்படியே ஆங்கிலத்தில் வைத்துவிடுகிறோம். தமிழ் எங்கெங்கே இழுக்கிறது என்று பார்த்துக்கொள், போதும்.

1. அவன் ‘மேல்’ கோபமா? ‘ஆன்’ போடாதே. ஆளென்றால் ‘ஆங்க்ரி வித்’, விஷயமென்றால் ‘ஆங்க்ரி அபௌட்’.

2. கணக்‘கில்’ கெட்டி என்றாலும் ‘இன்’ வராது. ‘குட் அட் மேத்ஸ்’. உடம்புக்கு நல்லது என்றால் ‘குட் ஃபார்’. ஒருவர் உன்னிடம் அன்பாக நடந்துகொண்டால் ‘குட் டு மீ’.

3. என்னை‘விட’ சீனியர்: ‘சீனியர் டு மீ’. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் நான்கும் லத்தீனிலிருந்து வந்தவை, ‘தேன்’ சேராது. வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாய் என்றால் இதற்கு அடிக்கோடு போட்டுக்கொள்.

4. அவ‘ரோடு’ கல்யாணம்: ‘மேரீட் டு’. யாராவது ‘மேரீட் வித் டூ சில்ட்ரன்’ என்றால் குழம்பாதே. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

5. அஃப்ரெய்ட், ப்ரௌட், ஃபாண்ட், ஜெலஸ், அஷேம்ட் எல்லாவற்றுக்கும் ‘ஆஃப்’. ‘வொர்ரீட்’ மட்டும் ‘அபௌட்’ கேட்கும். ‘டயர்ட் ஆஃப் குக்கிங்’ என்றால் சமைத்துச் சமைத்துச் சலித்துவிட்டது. உடம்பு அசந்துபோனதென்றால் ‘டயர்ட் ஃப்ரம் குக்கிங்’.

6. ப்ரிபொசிஷனுக்குப் பின் வினைச்சொல் வந்தால் ‘இங்’ சேர்: ‘இன்ட்ரஸ்டட் இன் லேர்னிங்’. அதிகாலையில் எழுந்து பழகியவள் ‘ஐ ஆம் யூஸ்டு டு கெட்டிங் அப் எர்லி’ என்பாள். இந்த ‘டு’வில்தான் பலரும் வழுக்குவார்கள்.

7. பட்டியல் போட்டு உருப்போடாதே. நோட்டில் ‘அஃப்ரெய்ட் ஆஃப்’ என்று ஒரே சொல்லாக எழுதி, கீழே உன் வீட்டில் நடப்பதை வைத்து ஒரு வாக்கியம் எழுது. அதைச் சத்தமாகச் சொல்லிப் பார்.

8. சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ் டிக்‌ஷனரியைப் பிரி. நம்மைப் போல ஆங்கிலத்தைப் படித்துக் கற்பவர்களுக்காக ஏ. எஸ். ஹார்ன்பி தொகுத்தது; ஆக்ஸ்ஃபோர்ட் 1948-ல் வெளியிட்டது. எந்தச் சொல்லோடு எது சேரும் என்பதையும் காட்டும். ‘டிஃபரென்ட்’ பார்த்தால் ஃப்ரம், டு, தேன் மூன்றுமே இருக்கும். ‘டு’ பிரிட்டன் பேச்சு, ‘தேன்’ அமெரிக்கப் பழக்கம். தேர்வில் நீ ‘ஃப்ரம்’ எழுது. எந்த வாத்தியாரும் அதைச் சுழிக்க மாட்டார்.