உட்கார்ந்தால் வலியா... நடந்தால் வலியா?

பௌர்ணமி இரவு. திருவண்ணாமலையில் நண்பர்களோடு கிரிவலம் போகிறீர்கள். வயது இருபத்தைந்துதான். நிருதி லிங்கம் தாண்டியதும் கால் ஓய்ந்து, பாதையோரம் கூனிக்கொண்டு உட்காருகிறீர்கள். திடீரென்று இடது மார்பில் ஊசி குத்தியது மாதிரி 'சுருக்'! மூச்சை இழுத்தால் இன்னும் குத்துகிறது. ஒரே நிமிஷம். வந்த சுவடே தெரியாமல் போய்விடுகிறது.

"கேஸ்தான்டா, ஒரு சோடா குடி" என்கிறான் ஒரு நண்பன். "ஹார்ட் அட்டாக்கா இருக்குமோ?" என்று மிரட்டுகிறான் இன்னொருவன். அநேகமாக இரண்டு பேர் சொல்வதும் தப்பு!

சுருக் வலி

இதற்கு 'பிரிகார்டியல் கேட்ச்' என்று பெயர். 1955-ல் மில்லர், டெக்சிடார் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும்தான் அதிகம் வரும். சும்மா இருக்கும்போது, அதிலும் குனிந்து உட்கார்ந்திருக்கும்போது வரும். வலிக்கும் இடத்தை ஒரு விரல் நுனியால் காட்டிவிடலாம். சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிஷங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து மெதுவாக மூச்சு விடுங்கள், போதும். மருந்து தேவையில்லை.

மற்ற காரணங்கள்

* விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் அழுத்தினால் வலிக்கிறதா? கனமான பை தூக்கியது, ஜிம்மில் பளு தூக்கியது, விடாத இருமல் என்று காரணம் இருக்கும். ஓய்வும் வெந்நீர் ஒத்தடமும் உதவும்.

* ராத்திரி பரோட்டா சாப்பிட்ட கையோடு படுத்ததும் நெஞ்சு எரிகிறதா? வயிற்று அமிலம் மேலே ஏறுகிறது. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுங்கள்.

* படபடப்பு, விரல் மரத்துப்போதல், 'செத்துடுவோமோ' என்ற பயம்... மனப்பதற்றத்திலும் இப்படி வரும். ஆனால் முதல் தடவை வந்தால் நீங்களே முடிவு கட்டாதீர்கள். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.

இதை விடாதீர்கள்!

இப்போது கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். நடக்கும்போது நெஞ்சை அழுத்துகிறது. உட்கார்ந்தால் விட்டுவிடுகிறது. மறுபடி நடந்தால் மறுபடி அழுத்துகிறது. வலி சில நிமிஷம்தான் என்றாலும் இது வேறு சமாசாரம். இதயத்துக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேரவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம்.

'இந்த வயசுல எனக்கா?' என்று கேட்காதீர்கள். 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. புகைபிடிப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள், அப்பா அல்லது அண்ணனுக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்த குடும்பத்தினர் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும்.

இன்னும் சில எச்சரிக்கைகள்:

* ஒல்லியாக, உயரமாக இருப்பவருக்குத் திடீர் வலியோடு மூச்சுத் திணறல்: நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கலாம்.
* காய்ச்சல் வந்துபோன பிறகு, படுத்தால் கூடி, முன்னால் சாய்ந்தால் குறையும் வலி: இதய உறை அழற்சியாக இருக்கலாம்.
* ஓடும்போதோ விளையாடும்போதோ மயக்கம்.
* கை, தாடைக்குப் பரவும் வலி, குப்பென்று வியர்வை, பத்து நிமிஷத்துக்கு மேல் நீடிக்கும் அழுத்தம்.

உடனே என்ன செய்வது?

நடையை நிறுத்துங்கள். சோடா, ஜெலுசில் என்று பரிசோதனை செய்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டியை நீங்களே ஓட்டிப் போகாதீர்கள். திருவண்ணாமலையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கிராமத்தில் இருந்தால், 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகள் கிடைக்கும். அதை மருத்துவர் சொல்லித்தான் சாப்பிட வேண்டும். முதல் இ.சி.ஜி. நார்மல் என்றாலும், இன்னொரு இ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் தேவைப்படலாம். 'நல்லாத்தானே இருக்கேன்' என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

'பாதி கிரிவலத்தில் நிறுத்தலாமா, தோஷமாச்சே' என்று பல்லைக் கடித்துக்கொண்டு 14 கிலோமீட்டரையும் முடிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். அண்ணாமலை எங்கேயும் போய்விடாது. அடுத்த பௌர்ணமிக்கு வந்து, முழுசாகவே சுற்றிக்கொள்ளலாம்!